கோடு தயங்கிய இடம்: 19ஆம் நூற்றாண்டு மனித உருவக் கோட்டோவியக் கண்காட்சியைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸில் முதன்முதலாக ஒரு கோட்டோவியக் கண்காட்சிக்குப் போனபோது, நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களை முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். வெளியே வந்து சேன் ஆற்றின் கரைச்சுவரில் சாய்ந்து நின்று யோசித்தேன். ஒரு முகமோ தோளோ கையோ நினைவில் தங்கவில்லை. மறுநாள் மீண்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போய், ஆறே ஆறு தாள்களுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்த ஆறும் இன்றுவரை கண்ணுக்குள் இருக்கின்றன.

எண்ணெய் ஓவியம், தான் உருவான வேலையைப் பெரும்பாலும் மேற்பூச்சுக்குள் மறைத்துவிடும். தாளில் பென்சிலாலும் கரியாலும் வரைந்தது அப்படி மறைக்காது. எந்தக் கோடு முதலில் விழுந்தது, கை எங்கே தயங்கியது, எதை அழித்துவிட்டு மறுபடி போட்டது என்பதெல்லாம் அப்படியே கிடக்கும். வாசலில் போட்ட சிக்குக் கோலத்தில் பொடி எங்கே தடித்து விழுந்திருக்கிறது என்பதை வைத்தே, போட்டவர் எந்தப் புள்ளியில் நின்று யோசித்தார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கேயும் அந்தக் கண்தான் வேண்டும். அதைத் தயார் செய்துகொண்டு போவது எப்படி என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பிரான்சைச் சேர்ந்தவை. மனித உடலை வரைவதே ஓவியக் கல்வியின் அடித்தளம் என்று நூற்றாண்டு முழுவதும் பிடிவாதமாக நின்ற நகரம் பாரிஸ்.

முதல் படி: இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தல்

எண்ணெய் ஓவியங்களைப் போலக் கோட்டோவியங்கள் ஆண்டு முழுவதும் சுவரில் தொங்குவதில்லை. வெளிச்சம் தாளைப் பழுப்பாக்கும், சில மைகளையும் வண்ணத் தாள்களையும் வெளுக்கச் செய்யும். அந்தச் சேதத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. அதனால் அருங்காட்சியகங்கள் ஒரு தாளைப் பொதுவாக மூன்று மாதம் போலக் காட்டிவிட்டு, பிறகு சில ஆண்டுகள் பெட்டியில் இருட்டில் ஓய்வெடுக்க விடுகின்றன. இந்த முறை தவறவிட்ட தாள் அடுத்து எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. எனவே கண்காட்சியின் கடைசி வாரம் வரை ஒத்திப்போடாதீர்கள். கடைசி வாரங்களில் கூட்டமும் மிகும். கோட்டோவியம் ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர் மட்டுமே பார்க்கக்கூடியது. மூன்றாவது ஆளின் தோள் வந்தாலே மறைத்துவிடும்.

பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகம் 1848 முதல் 1914 வரையான கலைக்கு உரியது. அதற்கு முந்தைய தலைமுறையான ப்ருதோன், ஆங்க்ர், தெலக்ருவா ஆகிய ஓவியர்களைத் தேடினால் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஓர்சேவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, லூவருக்குச் செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமைகளில் ஓர்சே இரவு 9.45 வரை திறந்திருக்கும். சுற்றுலாக் குழுக்கள் கலைந்துபோன அந்த மாலை நேரமே கோட்டோவியத்துக்கு ஏற்றது என்பது என் அனுபவம். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே கட்டணமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பென்சில் கோட்டைப் பார்க்க முயல்வது வீண் வேலை.

பயண நாட்களில் தற்காலிகக் கண்காட்சி எதுவும் அமையவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பாரிஸின் 9ஆம் வட்டாரத்தில் குஸ்தாவ் மொரோவின் வீடு இருக்கிறது. 1898இல் இறந்த அந்த ஓவியர் தன் வீட்டையும் படைப்புகள் அனைத்தையும் அரசுக்கு விட்டுச்சென்றார். 1903இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மேல்தளத்துப் பெரிய கூடங்களில் சுவரோரம் நிற்கும் மர அலமாரிகளில், புத்தகப் பக்கங்களைப் போலத் திருப்பிப் பார்க்கும் சட்டகங்களில் அவருடைய ஆயிரக்கணக்கான கோட்டோவியங்கள் இருக்கின்றன. பார்வையாளரே கைப்பிடியைப் பிடித்துத் திருப்பலாம். இப்படி ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்ட விடும் இடம் அபூர்வம். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இன்னும் நேரம் உள்ளவர்கள் தெற்கே துலூஸுக்கு அருகிலுள்ள மோந்தோபானுக்கு ரயிலில் போகலாம். ஆங்க்ர் பிறந்த ஊர் அது. தன்னிடம் இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களை அவர் ஊருக்கே எழுதிவைத்தார். பழைய ஆயர் மாளிகையில் இருக்கும் அந்த அருங்காட்சியகம் அவற்றைச் சிறு சிறு பகுதிகளாக மாற்றி மாற்றிக் காட்டுகிறது.

இரண்டாம் படி: போகுமுன் அரை மணி நேரம் வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒரு பென்சில், ஒரு கரித்துண்டு, கொஞ்சம் சொரசொரப்பான தாள். உங்கள் இடது கையை மேசைமேல் வைத்துப் பென்சிலால் பத்து நிமிடம், கரியால் பத்து நிமிடம் வரையுங்கள். நன்றாக வர வேண்டியதில்லை. கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் கோட்டை எப்படிக் கொண்டுபோவது என்று திணறுவீர்கள். அந்தத் திணறலோடு கண்காட்சிக்குள் போனால், அதே இடத்தை வேறொருவர் எப்படிக் கடந்தார் என்று கண் தானாகத் தேடும். சித்திரமும் கைப்பழக்கம் என்பது வரைபவருக்குச் சொன்னது. பார்ப்பவருக்கும் அது பொருந்தும் என்பதை இந்த அரை மணி நேரம் காட்டிவிடும்.

பொருட்களின் குணமும் கைக்குத் தெரிந்துவிடும். பென்சில் கூர்மையானது, மெல்லிய பளபளப்பு உடையது, தவறை எளிதில் மறைக்க விடாதது. கரி மென்மையானது, விரலால் தேய்த்தால் நிழலாகும், துணியால் தட்டினால் பாதி போய்விடும், பசை தெளித்து நிலைப்படுத்தாவிட்டால் தாளில் ஒட்டாது. இவை இரண்டுக்கும் நடுவே நிற்பது கோந்தே குச்சி. அதன் கதை போரிலிருந்து பிறந்தது. 1790களில் பிரிட்டனோடு நடந்த போரால் நல்ல இங்கிலாந்துக் கிராஃபைட் (பென்சிலுக்குள் இருக்கும் கருங்கனிமம்) பிரான்சுக்கு வருவது நின்றுபோனது. நிக்கோலா-ழாக் கோந்தே, தரம் குறைந்த கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பென்சில் செய்து, 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. இன்று நாம் கையில் பிடிக்கும் பென்சிலும் அந்த வழிமுறையில் வந்ததுதான். ஓவியர்கள் கோந்தே என்று சொல்வது, அவர் பெயரில் விற்ற கருங்குச்சியை. எண்ணெய்ப்பசை போன்ற அடர் கருமை கொண்ட அது கரியைப் போல எளிதில் உதிராது.

மூன்றாம் படி: பையில் என்ன

பேனா வேண்டாம், கோட்டோவியக் கூடங்களில் பெரும்பாலும் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. உள்ளங்கை அளவு நோட்டுப் புத்தகம், அருகில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போடுபவராக இருந்தால் அது, ஒரு மெல்லிய மேலாடை. தாள்களுக்காக அறையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள். அசையாமல் நிற்கும்போது அந்தக் குளிர் தெரியும். தோள்பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வாசலில் ஒப்படைத்துவிடுங்கள். பை முதுகில் இருந்தால் குனியும் ஒவ்வொரு முறையும் யாரையாவது இடிக்கும்.

நான்காம் படி: இருட்டுக்குக் கண் பழகட்டும்

உள்ளே நுழைந்ததும் அறை மங்கலாக இருக்கும். விளக்குப் பழுது என்று நினைக்காதீர்கள். தாளில் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் என்பது பல அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. வெயிலிலிருந்து வந்த கண் அதற்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். எல்லோரும் முதல் சுவரிலேயே குவிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்; கண் இன்னும் பழகாத நேரத்தில்தான் அவர்கள் அந்த முதல் பத்துத் தாள்களைப் பார்க்கிறார்கள். நீங்கள் நடந்துகொண்டே இருங்கள்.

விளக்க அட்டை எதையும் படிக்காமல் ஒரு சுற்று முழுவதும் சுற்றி வாருங்கள். எந்தத் தாள் உங்களை நிறுத்துகிறதோ அதன் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் புகழ்பெற்றவர் முன்னால் கால் தானாக நின்றுவிடும். பெயர் தெரியாத மாணவர் ஒருவர் வரைந்த அருமையான முதுகு கண்ணில் படாமலே போய்விடும். சுற்று முடிந்தபின் குறித்த எண்களில் ஆறு, அதிகம் போனால் எட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை விட மனம் வராதுதான். ஆனாலும் விடுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று தூரங்கள்

தேர்ந்தெடுத்த தாளை முதலில் நாலைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். அந்தத் தூரத்தில் கோடு தெரியாது. உடல் நிற்கும் விதம் மட்டும் தெரியும். எடை எந்தக் காலில் இருக்கிறது? எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயர்ந்திருக்கும், அதைச் சமன் செய்ய அதே பக்கத்துத் தோள் தாழ்ந்திருக்கும். கோயிலில் நின்ற கோலத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பின் வளைவை நம் கண் சட்டென்று பிடிக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பிறகு ஒரு கை நீளத் தூரம். வரைந்தவரும் ஏறத்தாழ இந்தத் தூரத்தில் இருந்துதான் வரைந்தார். இங்கே நிதானமாக நில்லுங்கள்.

கடைசியாக, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சாண் தூரம் வரை குனியுங்கள். கையைக் கட்டிக்கொண்டால் காவலருக்கும் கவலையில்லை, விரல் நீட்டிச் சுட்டிக்காட்டும் ஆசையும் எழாது. இந்தத் தூரத்தில் தாளின் தன்மை தெரியும்: வழவழப்பா, வரிவரியான மேடு பள்ளமா, பென்சில் அழுத்தத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா.

ஆறாம் படி: விளக்க அட்டையை இப்போது படியுங்கள்

பெயர், ஆண்டு ஆகியவற்றைவிட முக்கியமான வரி அதற்குக் கீழே இருக்கும். எந்தப் பொருளால், எந்தத் தாளில் என்ற வரி அது. கிராஃபைட், கறுப்புச் சாக், கரி, பாஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சி) என்று அது சொல்லும். வெள்ளையால் ஒளி சேர்த்தது என்று இருந்தால், தாளின் நிறமே நடுத்தர நிழலாக நிற்க, இருட்டைக் கறுப்பும் வெளிச்சத்தை வெள்ளையும் பார்த்துக்கொள்கின்றன என்று பொருள். மாற்றி வரையக் கட்டமிட்டது என்று இருந்தால், உருவத்தின் மேல் மெல்லிய சதுரக் கட்டங்களைத் தேடுங்கள். இந்தத் தாள் தனிப் படைப்பாக நினைத்து வரைந்தது அல்ல. பெரிய ஓவியத்துக்கு உருவத்தைப் பெருக்கி எடுத்துச்செல்ல உதவியது.

தாளின் நிறத்தை நம்பாதீர்கள். ப்ருதோன் நீலத் தாளில் வரைந்தார். அவற்றில் பல இன்று சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு மாறிவிட்டன. எட்கார் டெகா 1873இல் செருப்பைச் சரிசெய்யும் நடனப் பெண்ணை இளஞ்சிவப்புத் தாளில் வரைந்தார்; நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தத் தாளின் சிவப்பு வெளுத்துவிட்டது. நாம் பார்க்கும் மங்கல் அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. அசல் நிறத்தைப் பார்க்க வேண்டுமானால், அட்டைச் சட்டத்தின் கீழே வெளிச்சம் படாமல் இருந்த விளிம்பு எங்கேனும் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள்.

டெகாவின் தாள்களில் பெரும்பாலும் இடது கீழ் மூலையில் சிவப்பாக அவர் பெயர் இருக்கும். அது கையெழுத்து அல்ல. 1917இல் அவர் இறந்தபின் பட்டறையில் கிடந்த ஆயிரக்கணக்கான தாள்களை 1918, 1919ஆம் ஆண்டுகளில் ஏலம் விட்டபோது அடித்த முத்திரை. அந்தச் சிவப்பைப் பார்த்தால், டெகா இதை யாருக்கும் விற்காமல் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: கோட்டைப் பின்தொடர்தல்

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். நான்கு பேரை வைத்துச் சொல்கிறேன், நான்கும் நான்கு வழி.

ஆங்க்ரில் தொடங்குங்கள். 1806இல் ரோமுக்குப் போன அவருக்கு அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள்தான் ஆதரவு. 1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பிழைப்புக்காக ஆங்க்ர் இத்தாலிக்கு வரும் பயணிகளைப் பென்சிலில் வரைந்து கொடுத்தார். சின்னச் சின்ன முகப்படம் வரைபவர் இங்கேதானே இருக்கிறார் என்று ஒருவர் கதவைத் தட்டிக் கேட்க, இங்கே இருப்பவர் ஓவியர் என்று கோபத்தோடு சொல்லிக் கதவைச் சாத்தினார் என்று ஒரு கதை உண்டு. அவர் வெறுத்த அந்தப் பிழைப்பு வேலையை இன்று உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. லூவரில் உள்ள 1819ஆம் ஆண்டின் வயலின் கலைஞர் பாகனினி, 1818ஆம் ஆண்டின் ஸ்தமாத்தி குடும்பம் போன்ற தாள்களைக் கண்டால் முகத்தையும் உடையையும் மாறி மாறிப் பாருங்கள். முகத்தில் பென்சில் மூச்சுவிடுவதுபோல நுணுக்கமாகத் தேய்ந்து நிழலாகியிருக்கும். கழுத்துக்குக் கீழே வந்ததும் வேகம் பிடிக்கும். சட்டையின் மடிப்பு நாலு கோட்டில் முடிந்துவிடும். அந்த வேகம் மாறும் எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஓவியங்களுக்காக அவர் செய்த ஆயத்த வரைவுகள் இதற்கு நேர் எதிர். ஒரே உடலில் கையை இப்படி வைத்துப் பார்ப்பார், பிறகு அப்படி. பழையதை அழிக்க மாட்டார். மூன்று கை, சில நேரம் நான்கு கை உள்ள உருவங்கள் அந்தத் தாள்களில் உண்டு. உடற்கூறுப்படி சரியான கையை அவர் தேடவில்லை, அழகாக ஓடும் வளைவைத் தேடினார். 1814இல் அவர் வரைந்த பெரிய ஓடாலிஸ்க் (அந்தப்புரப் பெண்) ஓவியத்துப் பெண்ணுக்கு முதுகெலும்பில் மூன்று எலும்புகள் கூடுதல் என்று அன்றைய விமர்சகர்கள் குறைசொன்னார்கள். அந்தக் குறையின் காரணம் இந்தத் தாள்களில் இருக்கிறது.

ப்ருதோனின் தாள்களில் தள்ளி நின்று பார்த்தால் கோடே தெரியாது. கறுப்புச் சாக்கால் வரிகள் இட்டு, தேய்த்து, மேலே மறுபடி வரிகள், பிறகு வெள்ளை என்று அடுக்கடுக்காகக் கட்டுவார். நிலவொளியில் நிற்கும் உடல்போலத் தோன்றும். கிட்டே குனிந்து ஒரு தோளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வரிகள் தசையின் வளைவைச் சுற்றிப் போகின்றனவா, ஊடே போகின்றனவா என்று பாருங்கள்.

டெகா இளைஞராக இருந்தபோது, 1855இல், வயதான ஆங்க்ரைச் சந்தித்தார். கோடு போடு, நிறையக் கோடு போடு என்பதே கிடைத்த அறிவுரை. வாழ்நாள் முழுவதும் அவர் அதை விடவில்லை. ஒரே பெண் முதுகைத் துடைப்பதை, தலைமுடி சீவுவதை, காலைக் கழுவுவதை மறுபடி மறுபடி வரைந்தார். ஒளி ஊடுருவும் தாளை ஒரு வரைவின் மேல் வைத்துப் படியெடுத்து, அதைத் திருத்தி, இடம் போதாதபோது ஓரத்தில் இன்னொரு துண்டை ஒட்டினார். ஒட்டின கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். அவருடைய முதுகுகளைச் சுற்றி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நாலைந்து எல்லைக்கோடுகள் இருக்கும். கடைசியாக எதை முடிவு செய்தார் என்பதை அழுத்தம் சொல்லும்: மெல்லியவை தேடியவை, கருத்தது கண்டடைந்தது.

ஜார்ஜ் செரா 1891இல் 31 வயதில் இறந்துபோனார். அவருடைய கோந்தே வரைவுகளில் எல்லைக்கோடே இல்லை. கையால் செய்த மேடு பள்ளமான தாளில் கருங்குச்சியைப் படுக்கவைத்து இழைப்பார். மேடுகளில் கருமை ஏறும், பள்ளங்களில் தாளின் வெள்ளை புள்ளிபுள்ளியாக மினுங்கும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் உருவம் பிறக்கிறது. இவர் முன்னால் மட்டும் முறையை மாற்றுங்கள். முதலில் ஒரு சாண் தூரம் குனிந்து வெறும் கரித்துகள்களைப் பாருங்கள், பிறகு ஓரோர் அடியாகப் பின்னே நகருங்கள். எந்த அடியில் அது மனித முகமாக மாறுகிறது என்று உங்கள் கண்ணே சொல்லும். நான் அப்படிப் பின்னே நகர்ந்து நகர்ந்து எதிர்ச்சுவர் வரை போயிருக்கிறேன்.

எட்டாம் படி: அங்கே நிற்பவர் யார் என்று கேளுங்கள்

இத்தகைய கண்காட்சியில் பெரும்பாலானவை ஆடையற்ற உடல்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை வாசலிலேயே அவர்களிடம் எளிமையாகச் சொல்லிவிடுவது நல்லது: எலும்பும் தசையும் எப்படி அசைகின்றன என்று கற்றுக்கொள்ள இப்படித்தான் வரைந்தார்கள். நாம் சங்கடப்படாவிட்டால் அவர்களும் சங்கடப்படுவதில்லை.

பாரிஸின் போசார் கலைப் பள்ளியில் மாணவர் நேரே மனிதரை வரைந்துவிட முடியாது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும், பிறகு பழங்காலச் சிலைகளின் சுண்ணச்சாந்து வார்ப்புகளை, அதன் பின்னரே உயிருள்ள மாடலை. அந்தக் கடைசிப் பயிற்சித் தாளுக்கு அகாதெமி என்றே பெயர். அத்தகைய தாள் கிடைத்தால் உருவத்தின் கையைப் பாருங்கள். ஒரு தடியைப் பிடித்திருக்கும், அல்லது மேலிருந்து தொங்கும் கயிற்றை. காலடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். புராண வீரனின் ஈட்டி என்று நினைக்க வேண்டாம். மணிக்கணக்கில் தூக்கிய கை சோர்ந்து விழாமல் இருக்கக் கொடுத்த பிடிமானம் அது. அந்தத் தடியை ஒருமுறை பார்த்துவிட்டால், அதன்பின் எந்த அகாதெமியையும் உழைக்கும் ஒரு மனிதரை நினைக்காமல் பார்க்க முடியாது.

பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றி மாடல்கள் வேலை தேடி நிற்பது வழக்கம்; பலர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்தினர். பெரும்பாலோரின் பெயர் அழிந்துவிட்டது. தப்பிய சில பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹைத்தியில் பிறந்த ஜோசப், ஓவியர் ஜெரிகோ 1819இல் காட்சிக்கு வைத்த, கப்பல் விபத்தில் தப்பியவர்களைக் காட்டும் மெடுசா படகு ஓவியத்துக்கு நின்றவர். ஜமைக்காவில் பிறந்த ஃபேனி ஈட்டன், லண்டனில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மாடலாக வேலை செய்தவர். ஓவியர் சிமியன் சாலமன் 1859இல் அவரைப் பென்சிலில் வரைந்த தாள்கள் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரி வான் கோதெம், பாரிஸ் ஆப்பரா (இசை நாடக அரங்கு) நடனப் பள்ளியில் படித்த ஏழைச் சிறுமி. 1881இல் காட்சிக்கு வந்த மெழுகுச் சிலைக்காக டெகா அவளை முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக ஒரே தாளில் பலமுறை வரைந்தார். அடுத்த ஆண்டே அவளை ஆப்பராவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதே நூற்றாண்டில் தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயர்களுக்காக மனித உருவங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும் என்று இணை இணையாக, தொழில் கருவிகளோடு. லண்டனின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். அங்கே உடல் தொழிலால் அடையாளம் பெறுகிறது, பாரிஸிலோ உடையையும் தொழிலையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் நிறுத்துகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்க வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள்.

வரைந்தவர்களில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியும் எழும். திறமைக் குறைவு காரணமல்ல, கதவு பூட்டியிருந்தது. போசார் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல்தான். லண்டன் ராயல் அகாதெமி கலைப் பள்ளியில் 1860இல் லாரா ஹெர்ஃபோர்டு தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு விண்ணப்பித்து இடம் பிடித்தார். ஆனால் உயிருள்ள மாடலை, அதுவும் துணி போர்த்திய நிலையில், பெண்கள் வரைய 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் வகுப்பில் ஆண் மாடலின் அரைத்துணியை நீக்கியதற்காக ஓவிய ஆசிரியர் தாமஸ் ஈகின்ஸ் 1886இல் பதவி விலக நேர்ந்தது. 1868இல் தொடங்கிய ஜூலியன் அகாதெமி போன்ற தனியார் பள்ளிகளே பாரிஸில் பெண்களுக்கு வழிவிட்டன.

இவர்கள் எல்லோரிலும் எனக்கு நெருக்கமானவர் சுசான் வாலதோன். சலவைத் தொழிலாளியின் மகள். சர்க்கஸில் விழுந்து அடிபட்டபின் மாடலானவர். ரெனுவார், துலூஸ்-லோத்ரெக் முன்னால் மணிக்கணக்கில் நின்றபோது அவர்கள் கை ஓடுவதைக் கவனித்துத் தானே வரையக் கற்றுக்கொண்டார். கலைப் பள்ளிப் படிப்பு கிடையாது. டெகா அவர் வரைந்தவற்றை விலைகொடுத்து வாங்கினார். 1894இல் அவை பிரான்சின் தேசிய நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் இடம்பெற்றன. அவர் கோடு கம்பிபோல் தடித்தது, இரக்கம் கேட்காதது. குளிக்கும் பிள்ளைகளை, வயதான தாயை, வளரும் மகனை வரைந்தார். எத்தனை மணி நேரம் நின்றால் இடுப்பு எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஒருவர் வரைந்த இடுப்பு அது. அவர் தாள் எங்கேனும் தொங்கினால் உங்கள் ஆறில் ஒன்றாக அது இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: கூடத்திலேயே வரையுங்கள்

தேர்ந்தெடுத்த ஆறில் ஒன்றை நோட்டில் வரையுங்கள். முழு உருவம் வேண்டாம். ஒரு முழங்கால், ஒரு கழுத்து போதும். பிரதி நன்றாக வருகிறதா என்பது பொருட்டல்ல. கோடு எந்தத் திசையில் ஓடியது என்பதை உங்கள் மணிக்கட்டு உணர வேண்டும். படம் எடுக்க அனுமதி இருந்தாலும் வரைந்து முடித்த பிறகே எடுங்கள், ஃப்ளாஷ் இல்லாமல். முதலில் படம் எடுத்துவிட்டால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண் ஓய்ந்துவிடும்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கண்ணும் கோட்டைப் பார்க்காது.

பத்தாம் படி: கண்ணாடிச் சட்டகம் இல்லாமல் பார்த்தல்

பலருக்கு இது தெரிவதில்லை. சுவரில் இல்லாத தாள்களையும் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு மற்றும் கோட்டோவியப் பிரிவில் ஏறத்தாழ 50,000 கோட்டோவியங்கள் இருக்கின்றன. அதன் ஆய்வறைக்கு யாரும் முன்பதிவு செய்து போகலாம். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. இணையத் தொகுப்பில் தேடி, வேண்டிய தாள்களின் எண்களைக் குறித்து முன்கூட்டியே எழுதுங்கள். ஐந்தாறு தாள் போதும். புகைப்பட அடையாள அட்டை எடுத்துப்போங்கள், கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் தாளை வைத்ததும் அவசரப்படாமல் முதலில் நேராகப் பாருங்கள். பிறகு தலையைத் தாழ்த்தித் தாளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் பென்சில் உழுத பள்ளங்களும், அழித்த கோட்டின் வடுவும் எழுந்து நிற்கும். கண்காட்சியின் கண்ணாடிக்குப் பின்னால் இது கிடைக்காது. பார்த்து முடிந்ததும் ஊழியரிடம் பின்பக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். தாள் விலை அதிகமாக இருந்த காலம். பல நேரங்களில் அங்கே இன்னொரு கால், இன்னொரு முகம், பாதியில் நின்றுபோன ஒரு தோள் இருக்கும்.